எல்லையோரத்தில் மனை வாங்குமுன்: லாபத்தையும் ஆபத்தையும் எடைபோடும் வழி

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்ற நாளிலிருந்து, கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரகர்கள் துறைமுகத்தைச் சொல்லாமல் பேச்சை முடிப்பதில்லை. மார்த்தாண்டத்தில் ஐந்து சென்ட் விளை (தோட்ட நிலம்) விலைக்கு வந்தாலும் துறைமுகம், பாறசாலையில் ரயில் பாதையை ஒட்டிய மனைக்கும் துறைமுகம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ரப்பர் விற்ற பணத்தைக் கையில் வைத்திருப்பவர் என எல்லோரும் கேட்பது ஒரே வாசகம்: "இப்போது விட்டால் இனி கிடைக்காது."

கிடைக்கும். நிலம் எங்கேயும் ஓடிப்போகாது. மாட்டிக்கொள்வது பணம்தான். முதன்முறையாக நிலத்தில் பணம் போடுகிறவர் முதலில் கேட்பது "எவ்வளவு லாபம் வரும்?" என்பது. அதற்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. எங்கெல்லாம் பணம் சிக்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம், அதற்கு ஆகும் செலவும் சில ஆயிரம் ரூபாய்தான். எனவே ஆபத்தை முதலிலும் லாபத்தைக் கடைசியிலும் எண்ணும் வரிசையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பணம், எத்தனை ஆண்டு

மகளின் திருமணத்துக்கோ மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தை நிலத்தில் போடாதீர்கள். மனையை ஒரே வாரத்தில் பணமாக்க முடியாது. அவசரத்துக்கு விற்பவரின் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைப்பவர்கள் நம் ஊரில் தாராளம். ஆறு மாதக் குடும்பச் செலவும் மருத்துவக் காப்பீடும் தனியாக இருக்கட்டும். மீதியில் குறைந்தது ஏழெட்டு ஆண்டு தொடாமல் விடக்கூடியதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கடன் வாங்கி வெற்றுமனை வாங்குவதைப் பற்றி ஒரு சொல். 20 லட்சம் கடனுக்கு 9.5 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம். வெற்றுமனை வாடகை தராது, அந்த வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் இல்லை. தொடக்கக்காரருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாம் படி: வங்கி வைப்புநிதியோடு மல்லுக்கட்டும் கணக்கு

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். ஐந்து சென்ட், சென்ட் 6 லட்சம், ஆக 30 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 2 லட்சத்து 70 ஆயிரம். எழுதும் விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மீது இது கணக்கிடப்படும். தரகு 1 சதவீதம் என்றால் 30 ஆயிரம். வழக்கறிஞர், அளவை, எல்லைக்கல் என்று ஒரு 20 ஆயிரம். மொத்தம் 33 லட்சத்து 20 ஆயிரம். வாங்கிய அன்றே விற்றால் 30 லட்சம்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாண்டு கழித்து 40 லட்சத்துக்கு விற்கிறீர்கள். ஊரில் "பத்து லட்சம் லாபம்" என்று பேசுவார்கள். விற்கும்போது தரகு 40 ஆயிரம் போக, உண்மையான ஆதாயம் 6 லட்சத்து 40 ஆயிரம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை, ஆக 13 சதவீதம் போகும். கையில் நிற்பது சுமார் 5 லட்சத்து 57 ஆயிரம்.

அதே 33.2 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டு, 20 சதவீத வரியை ஆண்டுதோறும் கட்டினாலும் ஐந்தாண்டில் சுமார் 10 லட்சத்து 40 ஆயிரம் கிடைக்கும். இதற்கு ஈடாக வேண்டுமென்றால் மனை ஏறத்தாழ 45 லட்சத்து 60 ஆயிரத்துக்கு விற்க வேண்டும். அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் விலை ஏறினால்தான் மனை வைப்புநிதியின் தோளைத் தொடும். அதற்கு மேல் ஏறுவதுதான் நீங்கள் சுமக்கும் ஆபத்துக்கான கூலி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தரகரிடம் பேசுங்கள், பேச்சின் சுவை மாறிவிடும்.

வீடு வாங்கி வாடகைக்கு விடுவதென்றால் கணக்கு வேறு. 50 லட்சம் பெறும் வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 2.4 சதவீதம்தான். வீட்டு வரி, பழுது, ஆள் இல்லாத மாதங்கள் எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் சாலை விரிவாக்கம் எப்போதும் அந்தக் கடையின் வாசலில்தான் நிற்கும்.

மூன்றாம் படி: செய்தியை எடைபோடுங்கள்

விழிஞ்ஞம் வெறும் வதந்தி அன்று. 2024 ஜூலையில் சோதனை ஓட்டமாகக் கப்பல் வந்தது, 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் அது முதன்மையாகச் சரக்கு மாற்றுத் துறைமுகம். பெரிய கப்பலில் வரும் பெட்டிகளில் பெரும்பகுதி கரையில் இறங்கி லாரி ஏறுவதில்லை, இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடுகிறது. பெட்டி சாலைக்கு வந்தால்தான் கிடங்கு வேண்டும், கிடங்கு வந்தால்தான் வேலையாட்கள் வருவார்கள், அவர்கள் வந்தால்தான் வாடகைக்கு வீடு கேட்பார்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணிவரை உங்கள் மனைக்கு அருகில் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். முதல் கண்ணி மட்டும் தெரிந்தால், கடைசிக் கண்ணிக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

நம் மாவட்டத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை குளச்சலை அடுத்த இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. மீனவ மக்கள் எதிர்த்தார்கள். பிறகு கோவளம்–மணக்குடிப் பக்கம் இடம் மாறியது, அங்கும் எதிர்ப்பு. துறைமுகம் வரவில்லை. எதிர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். அறிவிப்பை நம்பி மனை வாங்கியிருந்தால் அந்தப் பணம் இன்னும் காத்துக்கொண்டிருக்கும் என்பதே இங்கே முக்கியம்.

திட்டம் வந்தாலும் இன்னொரு பக்கம் உண்டு. விழிஞ்ஞம்–நாவாய்க்குளம் வெளிவட்டச் சாலை போன்ற பெரிய சாலைகளுக்கு நிலம் எடுக்கும்போது, "சாலைக்கு மிக அருகில்" என்று விற்கப்பட்ட மனையே சாலைக்குள் போய்விடும். இழப்பீடு கிடைக்கும். நீங்கள் கணக்குப் போட்ட காலத்திலும் தொகையிலும் கிடைக்குமா என்பது வேறு. நிலமெடுப்பு அறிவிப்பில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று கிராம அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

நான்காம் படி: காகிதம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) பல மலையாளத்தில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கும். கொல்லம் ஆண்டோடு, சிங்க மாதம் (ஆகஸ்ட் நடுப்பகுதி) முதல் டிசம்பர்வரை 824-உம், ஜனவரிக்குப் பிறகு 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1120 என்று போட்டிருந்தால் அது 1944–45. மூலப் பிரமாணத்தை "பழையது, படிக்க முடியாது" என்று தள்ளிவைக்க விடாதீர்கள். பழைய மலையாளக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆதாரம் எழுத்துக்காரர்கள் (பத்திரம் எழுதுபவர்கள்) எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பழைய சர்வே எண் எந்த மறுசர்வே எண்ணாக மாறியது என்பதற்கும் ஒப்பீட்டுக் குறிப்பு வாங்குங்கள். எண் மாறிய இடத்தில் நிலமே மாறிப்போன கதைகள் ஊருக்கு ஒன்று இருக்கும்.

அடுத்தது மகள்கள். திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குப் பொதுவாகக் கிடைத்தது மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951-இலிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆனால் "சீதனம் கொடுத்து அனுப்பிவிட்டோம்" என்று சகோதரர்கள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைகள் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட பிரமாணத்தின்மேல் நீங்கள் வாங்கும் நிலத்தில், எங்கோ திருமணமாகிப் போன அத்தையின் பேரன் ஒருநாள் வழக்குப் போடலாம். இந்துக் குடும்பமானால் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும், அதை விளக்கிய 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பூர்விகச் சொத்தில் மகளின் பிறப்புரிமையை உறுதிப்படுத்தியிருக்கின்றன. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஒரு பெயர் விடுபட்டாலும், அது தீரும்வரை பேச்சை நிறுத்துங்கள்.

வில்லங்கச் சான்று எடுப்பது எளிது, பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது. இணையத்தில் இல்லாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். ஆனால் அது பதிவான பரிவர்த்தனையை மட்டுமே காட்டும். பதிவாகாத உயில், வாய்மொழி ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு எதுவும் அதில் வராது. "பதிவாகிவிட்டதே, அரசே ஒப்புக்கொண்டுவிட்டதே" என்று நினைப்பதும் தவறு. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது.

ஒற்றி (மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பும்வரை சொத்தை அனுபவிக்கக் கொடுப்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பக்கம் வீட்டையும் விளையையும் ஒற்றிக்குக் கொடுப்பது சாதாரணம். ஒற்றிக்காரர் குடியிருக்க, உரிமையாளர் உங்களிடம் முன்பணம் வாங்கினால், ஒற்றிப் பணத்தைத் திருப்பி அவரை எழுப்பும் வேலை உங்கள் தலையில் விழும்.

வெளிநாட்டில் இருப்பவரின் அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து உறவினர் விற்றால், அது தூதரகச் சான்றோடு வந்ததா, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். காணொளியில் அவரிடமே பேசிவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. வெறும் அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் சேர்ந்தால் உரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாக்கிவிட்டது. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் வரிப் பிடித்தமும் உங்கள் பொறுப்பு. உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம்தான் பிடிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கு அந்த வரம்பு கிடையாது, விகிதமும் கூடுதல். பிடிக்க மறந்தால் அந்த வரி உங்களைத் தேடி வரும்.

கையில் முழுப்பணம் இருந்தாலும் ஒரு சிறு தொகைக்கு வங்கிக் கடன் கேட்டுப் பாருங்கள். வங்கியின் வழக்கறிஞர் பிரமாணங்களை இன்னொரு கண்ணால் படிப்பார். உங்களுக்குக் கடன் மறுக்கப்பட்ட சொத்துக்கு, நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் மறுக்கப்படும்.

ஐந்தாம் படி: நிலத்தில் நின்று பாருங்கள்

பிரமாணத்தில் 12 சென்ட், பட்டாவில் 11, அளந்தால் பத்தரை. இது நம் பக்கம் அபூர்வம் அன்று. அளவையர் வந்து அளக்கும்போது அண்டை நிலத்துக்காரர்கள் நால்வரும் நிற்கட்டும், மூன்றில் எது குறைவோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

வழியைத் தனியாகப் பாருங்கள். உள்விளைகளில் மூன்றடி நடைவழி மட்டுமே பிரமாணத்தில் இருக்கும். காரில் உங்களை அழைத்துப்போன தரகர் எந்த வழியாக வந்தார் என்று திரும்பி நடந்து பாருங்கள். நெய்யாறு இடதுகரைச் சானலில் (பாசனக் கால்வாய்) 2004 முதல் கேரளம் தண்ணீர் விடாததால் விளவங்கோட்டில் பல இடங்களில் அது வறண்டு கிடக்கிறது. அதன் கரையில் வண்டி ஓட்டிப் பழகிவிட்டார்கள். சானல் கரை அரசுடையது. அதை மனையின் சாலையாகக் காட்டினால், உங்கள் மனைக்குச் சட்டப்படி சாலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வழி எத்தனை அடி, யாருடைய நிலத்தில், எந்தப் பிரமாணத்தில் என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை வேண்டும்.

நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அக்டோபர், நவம்பரில் நல்ல மழைக்கு மறுநாள் போய் நின்றால் நிலமே பேசும். பழைய குளத்தின் ஓரம், நிரவிய வயல், கடல் அரிக்கும் கரை எல்லாம் அன்று தெரிந்துவிடும். கடலோரமானால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்றும், மலைப்பக்கமானால் 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். அப்படி அறிவிக்கப்பட்ட நிலத்தை விற்கவே முன் அனுமதி வேண்டும்.

ஆறாம் படி: எல்லை தாண்டி வாங்குவதானால்

பாறசாலையோ நெய்யாற்றின்கரையோ மலிவாகத் தோன்றினால், முதலில் செலவைத் திருத்துங்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2, ஆக 10 சதவீதம். பரப்பு ஆர் கணக்கில் எழுதப்படும், ஓர் ஆர் என்பது 2.47 சென்ட். நிலவரி ரசீதிலும் தண்டப்பேர்க் கணக்கிலும் (உரிமையாளர் பெயர்வாரியான கிராமக் கணக்கு) நில வகை "புரயிடம்" (வயல் அல்லாத மனை நிலம்) என்று இருக்க வேண்டும். "நிலம்" என்று இருந்தால் அங்கே அது நெல்வயல். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் அதில் கைவைக்க விடாது. தென்னை நின்றாலும் மண் நிரவியிருந்தாலும் காகிதம்தான் பேசும். உள்ளாட்சியின் நெல்வயல் தரவுப் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) கேளுங்கள்.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் தோட்டம் என்ற பெயரில் உச்சவரம்பு விலக்குப் பெற்ற நிலத்தை மனையாக்கினால் அந்த விலக்கே போய்விடும்.

மனைப்பிரிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவெண் வேண்டும், தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்பு ஒப்புதலும் வேண்டும். பதிவெண்ணை ஆணையத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், துண்டுப்பிரசுரத்தில் இருப்பதை நம்பாதீர்கள்.

ஏழாம் படி: ஆபத்துக்கு விலை போடுதல்

இதுவரை கண்டுபிடித்த குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். பணத்தால் தீர்பவை: எல்லைக்கல், சுற்றுச்சுவர், பட்டா பெயர்மாற்றம். இவற்றின் செலவைப் போல ஒன்றரை மடங்கை விலையில் குறைத்துக் கேளுங்கள். காலத்தால் தீர்பவை: விடுபட்ட ஒரு வாரிசின் கையெழுத்து, ஒற்றி மீட்பு. இவற்றை விற்பவரே தீர்த்துவிட்டு வரட்டும், அதுவரை முன்பணமும் கொடுக்க வேண்டாம். தீராதவை: வயல் வகை, வழி இல்லாமை, நிலுவையில் உள்ள உரிமை வழக்கு, காடு. பாதி விலைக்குக் கொடுத்தாலும் இந்த நிலத்தை விட்டுவிடுங்கள். மலிவுக்குக் காரணம் அதுதான்.

பிறகு ஒரு கேள்வி: இதை உங்களிடம் வாங்கப் போவது யார்? வீடு கட்ட நினைக்கும் குடும்பம் என்றால் ஐந்து முதல் பத்து சென்ட், பேருந்து வழி, கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் ஆகியவற்றைக் கேட்பார்கள். அப்படி வாங்குபவர்கள் எப்போதும் உண்டு. "அடுத்து வரும் முதலீட்டாளர்" மட்டுமே உங்கள் வாடிக்கையாளர் என்றால், வதந்தி அடங்கும் நாளில் ஒருவரும் வரமாட்டார்கள்.

எட்டாம் படி: பணம் கொடுக்கும் முறை

தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்தாக வேண்டும் என்பது 2012 முதல் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி முன்பணம் கொடுப்பதை ஊர்ப்பழக்கம் என்று ஏற்காதீர்கள்.

"பத்திரத்தில் குறைத்துப் போடலாம்" என்பார்கள். 30 லட்சத்துக்கு வாங்கி 18 லட்சம் என்று எழுதினால் இன்று மிச்சமாவது 12 லட்சத்துக்கான 9 சதவீதம், அதாவது 1 லட்சத்து 8 ஆயிரம். நாளை முழு விலை எழுதி விற்கும்போது அந்த 12 லட்சமும் உங்கள் ஆதாயமாகிவிடும், 13 சதவீதம் என்றால் 1 லட்சத்து 56 ஆயிரம் வரி. உரிமை வழக்கில் தோற்றுப் பணத்தைத் திரும்பக் கேட்டாலும் காகிதத்தில் உள்ள 18 லட்சத்தைத்தான் கேட்க முடியும். போதாதென்று, நிலப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால், அந்த ரொக்கத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. பிடிபடுவது பற்றிய பயமே இல்லாதவருக்கும் இது நட்டக் கணக்குதான்.

பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறு மனைக்கு இது உதவும்.

பதிவு முடிந்ததும் மூலப் பிரமாணங்கள் முழுவதையும் அன்றே கையில் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் ஆவண எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா மாற்றம் தானாக நடக்கும் என்று சும்மா இருக்காமல், உட்பிரிவு தேவைப்பட்டால் அளவையருக்கு நாள் கேட்டுப் பின்தொடருங்கள். கேரளத்தில் போக்குவரவு (பெயர்மாற்றம்) செய்து, உங்கள் பெயரில் நிலவரி கட்டிய ரசீதை வாங்குவதோடுதான் வேலை முடிகிறது. வெளியூரில் இருப்பவர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மனைக்குப் போய், எல்லைக்கல் நான்கும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.